சந்தைக்கு வராத கத்தரிக்காய்

'கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும்' என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். எந்த ரகசியமும் ரொம்ப நாள் மறைந்திருக்காது என்பதற்காகச் சொல்கிற பழமொழி. ஆனால் ஒன்பது வருஷம் சோதனைச்சாலையிலும் வயலிலும் வளர்ந்து, நிபுணர் கமிட்டியின் அனுமதியையும் வாங்கி, கடைத்தெருவுக்குப் புறப்படுகிற சமயத்தில் நின்றுபோன கத்தரிக்காய் ஒன்று உண்டு. "கொஞ்சம் பொறுங்கள், எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்" என்று அதை நிறுத்தியவர்கள் விவசாயிகள், டாக்டர்கள், மாணவர்கள். அவர்களோடு நம்மைப் போன்ற இல்லத்தரசிகளும் இருந்தார்கள்.

இந்தக் கதை நடந்தது 2009-லும் 2010-லும். இப்போது எதற்கு அதைக் கிளற வேண்டும் என்று தோன்றலாம். எங்கள் தெருவில் சென்ற மாதம் ஓர் இளம் தாய் என்னிடம் கேட்டாள்: "அக்கா, கடையில பளபளன்னு ஒரே அளவா கத்தரிக்காய் விக்கிறாங்களே, அது மரபணு மாத்தினதாமே? பாப்பாவுக்கு மசிச்சுக் கொடுக்கவே பயமா இருக்கு!" அவளுக்குச் சொன்ன பதிலைக் கடைசி வரை வைத்திருக்காமல் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது மரபணு மாற்றிய கத்தரி என்று பயப்பட வேண்டாம். இந்தியாவில் அப்படிப்பட்ட கத்தரியைப் பயிரிட இன்றுவரை அனுமதி கிடையாது. பளபளக்கிற காய் பெரும்பாலும் ஒட்டு ரகம், அதாவது ஹைபிரிட். இரண்டும் வேறு வேறு. அந்த வித்தியாசம் தெரிந்தால்தான் மற்றது விளங்கும்.

மூன்று வகை விதை

நாட்டு விதை என்பது நம் பாட்டி காலத்திலிருந்து எடுத்து, விதைத்து, மறுபடி எடுத்து வந்தது. அம்மாவைப் போலவே பிள்ளையும் இருக்கும்.

ஒட்டு விதை என்பது வெவ்வேறு குணமுள்ள இரண்டு கத்தரிச் செடிகளை மகரந்தம் சேர்த்துப் பிறக்கவைப்பது. முதல் தலைமுறை வாளிப்பாக வளரும், நிறையக் காய்க்கும். அதிலிருந்து விதை எடுத்துப் போட்டால், ஒரு செடி குட்டை, ஒரு செடி நெட்டை, ஒன்று நீளக் காய், ஒன்று உருண்டை என்று குணம் கலைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு வருஷமும் பாக்கெட் வாங்கியாக வேண்டும். ஆனால் சாப்பிடுவதைப் பொறுத்தவரை அதுவும் கத்தரிதான்.

மூன்றாவதுதான் மரபணு மாற்றிய விதை. கத்தரியோடு கத்தரியைச் சேர்ப்பதல்ல இது. கத்தரிக்குச் சம்பந்தமே இல்லாத வேறு ஓர் உயிரிலிருந்து ஒரு குணத்தை எடுத்துச் செடிக்குள் வைப்பது. நமது கதாநாயகன் இந்த மூன்றாவது வகை. 'பி.டி. கத்தரி' என்று பெயர்.

புழுவும் பி.டி.யும்

கத்தரிக்காயை நறுக்கும்போது உள்ளே நெளிகிற புழுவைப் பார்க்காத இல்லத்தரசி இருக்க முடியாது. தண்டுப்புழு என்றும் காய்ப்புழு என்றும் சொல்கிறோமே, இரண்டும் ஒரே புழுதான். முதலில் இளந்தண்டுக்குள் புகும். கொழுந்து வாடித் தொங்கும். பிறகு காய்க்குள் புகுந்துவிடும். உள்ளே போய்விட்ட பிறகு எந்த மருந்தும் அதைத் தொடாது. அதனால் விவசாயிகள் முன்கூட்டியே மருந்து அடிக்கிறார்கள். வாரம் ஒருமுறை, சில இடங்களில் அதற்கும் மேலே. திருவெறும்பூர் கடைவீதியில் எனக்குக் காய் போடுகிற அம்மாள் சொல்வாள்: "ஓட்டைக் காயை நீங்க தொட மாட்டேங்கிறீங்க தாயி. ஓட்டை இல்லாத காய் வேணும்னா மருந்து அடிக்காம எப்படி வரும்?" அவள் கேட்பது நியாயமான கேள்வி.

இந்தக் கேள்விக்குத்தான் விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டார்கள். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர், சில வகைப் புழுக்களைக் கொல்லும் ஒரு புரதத்தைத் தயாரிக்கிறது. அந்த நுண்ணுயிரின் விஞ்ஞானப் பெயரில் உள்ள இரண்டு முதலெழுத்துக்கள்தான் 'பி.டி.' அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லும் மரபணுவைக் கத்தரிச் செடிக்குள் புகுத்தினார்கள். செடியின் எல்லாப் பாகங்களிலும் அந்தப் புரதம் சுரக்கும். கடித்த புழு செத்துப்போகும். புழுவின் குடலில் வேலை செய்கிற அந்தப் புரதம் மனித வயிற்றில் ஜீரணமாகிவிடும் என்பது அவர்கள் வாதம்.

இதை உருவாக்கியது மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த மஹிகோ என்ற விதைக் கம்பெனி. அமெரிக்காவின் மான்சான்டோ கம்பெனிக்கு அதில் 26 சதவீதப் பங்கு இருந்தது. (மான்சான்டோவை 2018-ல் ஜெர்மனியின் பேயர் வாங்கிவிட்டது.) நம் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கர்நாடகத்தின் தார்வார் பல்கலைக்கழகமும் இதில் கூட்டாளிகள். கம்பெனி தனது ஒட்டு ரகங்களிலும், பல்கலைக்கழகங்கள் சாதாரண ரகங்களிலும் அந்த மரபணுவை ஏற்றின. பல்கலைக்கழக ரகங்களில் விவசாயி மறுபடி விதை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

2009 அக்டோபர் 14-ந் தேதி, மத்திய அரசின் மரபணுப் பொறியியல் அனுமதிக் கமிட்டி "பயிரிடலாம்" என்று பச்சைக் கொடி காட்டியது.

அப்படியானால் ஆட்சேபம் என்ன?

மருந்து அடிப்பது குறையும் என்றால் நல்லதுதானே? எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆட்சேபம் சொன்னவர்கள் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால், அவை அடுப்படியில் நிற்கிற நமக்கே தோன்றக்கூடியவைதான்.

முதல் கேள்வி: சோதனை செய்தது யார்? பாதுகாப்பானது என்று காட்டிய பரிசோதனைகளை நடத்தியதும் நடத்தச் சொன்னதும் விதையை விற்கப் போகிற கம்பெனி. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது 90 நாள். நாமோ ஆயுள் முழுக்கச் சாப்பிடுகிறோம்; கர்ப்பிணியும் சாப்பிடுகிறாள், பச்சைக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறவளும் சாப்பிடுகிறாள். மேலே அடித்த மருந்தையாவது ஓரளவு கழுவலாம். செடிக்குள்ளேயே சுரப்பதைக் கழுவ முடியாதே! ஜீரணமாகிவிடும் என்றால், நீண்ட காலச் சோதனையை, லாபத்தில் பங்கில்லாத வேறொருவர் செய்து காட்டட்டும் என்று கேட்டார்கள். அந்தப் பரிசோதனை விவரங்களைப் பொதுமக்கள் பார்ப்பதற்கே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் கோர்ட்டையும் நாட வேண்டியிருந்தது.

இரண்டாவது: நம் நாட்டுக் கத்தரிகள் என்ன ஆகும்? கத்தரிக்குத் தாய்வீடு நம் நாடு என்கிறார்கள். பச்சை, வெள்ளை, ஊதா, வரி போட்டது, முள் உள்ளது என்று ஊருக்கு ஒரு கத்தரி. வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. நாம் வைத்தியத்துக்கு எடுக்கிற கண்டங்கத்தரி, தூதுவளை, சுண்டைக்காய் எல்லாம் கத்தரியின் பங்காளிகள். கத்தரிப் பூவுக்குத் தேனீ வரும். ஒரு வயல் மகரந்தம் இன்னொரு வயலுக்குப் போகும். ஒருமுறை கலந்துவிட்டால், சாம்பாரில் உப்பு கூடிப்போன மாதிரிதான். திருப்பி எடுக்க முடியாது.

மூன்றாவது: விலையை யார் வைப்பார்கள்? இதற்குப் பருத்தி பாடம் சொல்கிறது. பி.டி. பருத்தி 2002-ல் நம் நாட்டுக்கு வந்தது. 450 கிராம் விதைப் பாக்கெட் ஒன்று 1,600 ரூபாய்க்கு மேல் விற்றது. அதில் பெரும்பகுதி, மரபணுவின் சொந்தக்காரருக்குப் போகும் உரிமைத் தொகை. 2006-ல் ஆந்திர அரசு வழக்குத் தொடுத்துச் சண்டை போட்ட பிறகுதான் விலை 750 ரூபாய்க்கு இறங்கியது. ஓர் அரசாங்கமே மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தது என்றால், மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் என்ன செய்வார்?

நான்காவது: புழு சும்மா இருக்குமா? குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் தலைமுறை பி.டி. பருத்தியைத் தாங்கப் பழகிவிட்டது என்பதை 2010-ல் மான்சான்டோவே ஒப்புக்கொண்டது. பிறகு இரண்டு மரபணு வைத்த பருத்தியையும் அதே புழு தின்னத் தொடங்கியது. மருந்துச் செலவு மறுபடி ஏறியது.

இந்தக் கேள்விகளை நம் தமிழ்நாட்டில் ஊர் ஊராகச் சென்று எளிய தமிழில் கேட்டவர்களில் முக்கியமானவர் கோ. நம்மாழ்வார். திருவெறும்பூரிலிருந்து கல்லணை வழியாகப் போனால் அவர் பிறந்த இளங்காடு அப்படி ஒன்றும் தூரமில்லை. விவசாயப் பட்டப் படிப்பு படித்து, கோவில்பட்டி அரசு ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்து, அந்த முறையில் நம்பிக்கை இல்லாமல் உத்தியோகத்தை விட்டு வந்தவர். மண்ணும் விதையும் விவசாயி கையில் இருக்க வேண்டும் என்று 2013 டிசம்பர் 30-ல் கண்மூடுகிற வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

கேட்டார்கள், சொன்னார்கள்

கமிட்டி அனுமதி கொடுத்த மறுநாளே அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் மந்திரி ஜெய்ராம் ரமேஷ் ஒரு காரியம் செய்தார். "மக்களைக் கேட்காமல் நான் முடிவு எடுக்க மாட்டேன்" என்று அனுமதியை நிறுத்தி வைத்தார். 2010 ஜனவரி 13-ல் கல்கத்தாவில் தொடங்கி, புவனேசுவரம், ஆமதாபாத், நாகபுரி, சண்டிகர், ஐதராபாத் என்று போய், பிப்ரவரி 6-ல் பெங்களூரில் முடிந்தன கூட்டங்கள். ஏழு ஊர்களிலும் சேர்த்து ஏறக்குறைய 8,000 பேர் வந்தார்கள். விவசாயி, விஞ்ஞானி, டாக்டர், ஆயுர்வேத வைத்தியர், கம்பெனிக்காரர், மாணவர், இல்லத்தரசி என்று எல்லோரும் ஒரே மண்டபத்தில். ஆதரித்தவர்களும் பேசினார்கள், எதிர்த்தவர்களும் பேசினார்கள். சில ஊர்களில் கூச்சலும் இருந்தது. நம் சென்னைக்கோ திருச்சிக்கோ கூட்டம் வரவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் குறைதான்.

கும்பகோணத்தில் பிறந்த விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன், பசுமைப் புரட்சியை முன்நின்று நடத்தியவர். நவீன விஞ்ஞானத்துக்கு எதிரி என்று அவரை யாரும் சொல்ல முடியாது. அவரே இந்த விஷயத்தில் அவசரம் வேண்டாம் என்றார். நாட்டுக் கத்தரி ரகங்களைச் சேகரித்துக் காப்பாற்ற வேண்டும், உடம்புக்கு நாள்பட என்ன ஆகும் என்பதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் யோசனை. பல மாநில அரசுகளும் தயக்கம் தெரிவித்து எழுதின.

2010 பிப்ரவரி 9-ந் தேதி மந்திரி முடிவை அறிவித்தார். சுயேச்சையான ஆராய்ச்சிகள் மூலம், மக்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் திருப்தி ஏற்படுகிற வரை பி.டி. கத்தரிக்குத் தடை. அந்தத் தடை இன்னும் நீக்கப்படவில்லை.

எங்கள் ஊர் மலைக்கோயிலில் இருப்பவர் எறும்பீசுவரர். தேவர்கள் எறும்பு உருவம் எடுத்து வழிபட வந்தபோது, லிங்கத்தின் மேல் எண்ணெய்ப் பசையால் வழுக்கி வழுக்கி விழுந்தார்களாம். சுவாமி அவர்களுக்காகப் புற்று மண்ணாக மாறித் தலையைச் சாய்த்துக் கொடுத்தார் என்பது தலபுராணம். 'எறும்பு ஊரக் கல்லும் தேயும்' என்பார்களே, இங்கே சாமியே சாய்ந்து கொடுத்திருக்கிறார்! எட்டாயிரம் பேர் மண்டபங்களில் வந்து உட்கார்ந்து பேசினதும் கேட்டதும் அந்த மாதிரி வேலைதான்.

அதற்குப் பிறகு

கதை அத்தோடு முடிந்துவிடவில்லை. இதே கத்தரியை வங்காள தேசம் 2013-ல் அனுமதித்தது. அங்கே அரசாங்க ஆராய்ச்சி நிலையமே விதை கொடுக்கிறது. மருந்துச் செலவு குறைந்தது என்று சொல்கிற விவசாயிகளும் இருக்கிறார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டில் அனுமதித்த பிறகு, 2024 ஏப்ரலில் அந்த நாட்டு அப்பீல் கோர்ட்டு நிறுத்திவிட்டது. நம் நாட்டிலேயே 2019-ல் ஹரியானாவின் ஃபதேஹாபாத் பக்கத்தில் அனுமதியில்லாமல் பி.டி. கத்தரி பயிரிட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. 2020-ல், இந்திய விஞ்ஞானிகளே உருவாக்கிய வேறு இரண்டு பி.டி. கத்தரி ரகங்களை எட்டு மாநிலங்களில் வயலில் சோதிக்கலாம் என்று கமிட்டி சொன்னது. அந்த எட்டில் தமிழ்நாடும் ஒன்று. மாநில அரசு சம்மதித்தால்தான் நடத்த முடியும்.

அடுத்து நிற்பது கடுகு. மரபணு மாற்றிய கடுகுக்கு 2022 அக்டோபரில் கமிட்டி அனுமதி கொடுத்தது. 2024 ஜூலை 23-ல் சுப்ரீம் கோர்ட்டின் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். வேற்று உயிரின் மரபணுவைச் சேர்க்காமல், உள்ளே இருப்பதையே திருத்துகிற புதிய முறையும் வந்துவிட்டது. அந்த முறையில் உருவான இரண்டு நெல் ரகங்களை 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்தது. ஆக, கத்தரிக்காய் மண்டபத்தில் எழுந்த கேள்விகளை நாம் இன்னும் பலமுறை கேட்க வேண்டியிருக்கும்.

இந்தியாவில் வியாபாரத்துக்காகப் பயிரிட முறையான அனுமதி பெற்ற மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒன்றுதான். ஆனால் பருத்தி விதையிலிருந்து எண்ணெய் எடுத்துச் சமையலுக்கு வருகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் சோயா எண்ணெயும் அந்த வகை விதையிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். சுத்திகரித்த எண்ணெயில் புரதம் அநேகமாகத் தங்குவதில்லை, பதற வேண்டாம். என்றாலும், எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குவது நம் உரிமை. மரபணு மாற்றிய பொருள் உள்ள பாக்கெட் உணவின் மேல் 'ஜி.எம்.' என்று அச்சிட வேண்டும் என்ற விதி 2013 ஜனவரி 1 முதல் இருக்கிறது. அடுத்த தடவை கடைக்குப் போகும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள்.

மஞ்சள், வேம்பு, உருளைக்கிழங்கு

புண்ணுக்கு மஞ்சள் வைப்பது யார் கண்டுபிடிப்பு? "இதென்ன கேள்வி!" என்று சிரிப்பீர்கள். 1995-ல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு அதற்குக் காப்புரிமையே கொடுத்துவிட்டார்கள். நம் நாட்டு விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கழகம், பழைய ஏடுகளையும் நூல்களையும் கொண்டுபோய்க் காட்டி வழக்காடியது. 1997-ல் காப்புரிமை ரத்தானது.

வேப்பெண்ணெயிலிருந்து பயிர் நோய்க்கு மருந்து எடுப்பதற்கு, டபிள்யூ.ஆர். கிரேஸ் என்ற அமெரிக்கக் கம்பெனிக்கும் அமெரிக்க விவசாய இலாகாவுக்கும் 1994-ல் ஐரோப்பியக் காப்புரிமை கிடைத்தது. இதை எதிர்த்தவர்களில் இரண்டு பெண்மணிகள் இருந்தார்கள். ஒருவர் நம் வந்தனா சிவா. இன்னொருவர் பெல்ஜியத்தின் மக்தா ஆல்வோ. உலக இயற்கை விவசாய அமைப்பு ஒன்றும் கூடச் சேர்ந்தது. 2000-ல் காப்புரிமை ரத்தாயிற்று. அப்பீலும் 2005-ல் தள்ளுபடியானது.

உருளைக்கிழங்குக் கதை இன்னும் சமீபத்தியது. 2019-ல் குஜராத் விவசாயிகள் சிலர் மேல், 'எங்கள் சிப்ஸ் கிழங்கை அனுமதியில்லாமல் பயிரிட்டார்கள்' என்று பெப்சிகோ வழக்குப் போட்டது. சிறு விவசாயிகள் நான்கு பேரிடம் ஆளுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு! நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பவே, ஒரு மாதத்துக்குள் வழக்கைத் திரும்பப் பெற்றது. அந்த ரகத்துக்கு அது வாங்கியிருந்த பதிவை 2021 டிசம்பரில் பயிர் ரகப் பாதுகாப்பு ஆணையம் ரத்து செய்தது. 2024 ஜனவரியில் தில்லி ஐகோர்ட்டு அந்த ரத்தை நீக்கிவிட்டது. ஆனால் 2001-ல் வந்த சட்டத்தில் விவசாயிக்கு ஓர் உரிமை இருக்கிறது. தன் விளைச்சலிலிருந்து விதை எடுக்கலாம், விதைக்கலாம், பக்கத்து வயல்காரருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். கம்பெனிப் பெயர் போட்டுப் பாக்கெட் கட்டி விற்கக் கூடாது, அவ்வளவுதான். நம் ஆட்கள் பலருக்கு இப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாது.

அத்தையின் விதைக் கலயம்

என் மாமியார் வீட்டில் பரண்மேல் மண் கலயங்கள் வரிசையாக இருக்கும். கத்தரி, வெண்டை, அவரை, புடலை. சாம்பல் கலந்து, வாயைத் துணியால் கட்டியிருப்பார்கள். பூசணி, பீர்க்கு விதைகளை எருவில் பொதிந்து வரட்டியாய்ச் சுவரில் தட்டிவிடுவார்கள். அதைப் பார்த்து நான், "இதுக்கு ஏன் அத்தை இவ்வளவு பாடு? கடையிலதான் பத்து ரூபாய்க்குப் பாக்கெட் கிடைக்குதே" என்றேன் ஒரு நாள். அவர்கள் கோபிக்கவில்லை. "கடைக்காரன் நாளைக்கு இல்லேன்னா, நீ எதை விதைப்பே?" என்றார்கள். இருபது வார்த்தை வேண்டாம். அந்த ஒரு கேள்விக்குள் விதை விவகாரம் முழுவதும் அடங்கிவிடுகிறது.

வெகு காலமாக விதை பார்த்து எடுப்பது பெண்கள் வேலை. எந்தச் செடி திடமாக இருக்கிறது, எந்தக் காய் ருசி, எதை அறுக்காமல் விதைக்கு விட வேண்டும் என்று தீர்மானிப்பது அம்மாவும் அப்பாயியும்தான். பாக்கெட் வந்த பிறகு அந்தத் தீர்மானம் வீட்டை விட்டுப் போய்விட்டது. பாக்கெட் கூடாது என்று நான் சொல்லவில்லை. விளைச்சலை நம்பி வாழ்கிறவருக்கு ஒட்டு ரகம் கைகொடுக்கிறது. ஆனால் அது மட்டுமே கதி என்று ஆகிவிடக் கூடாது.

திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் ஒரு வழி காட்டினார். 2006-லிருந்து அங்கே நெல் திருவிழா நடத்தினார். வருகிற விவசாயிக்கு இரண்டு கிலோ பாரம்பரிய நெல் விதை இலவசம். அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். காசு இல்லை, பத்திரம் இல்லை. மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், கருங்குறுவை என்று 170-க்கும் மேற்பட்ட நெல் ரகங்களை இப்படி மீட்டார். 2018 டிசம்பர் 6-ல் அவர் காலமானார். பிறகு தமிழக அரசு பாரம்பரிய நெல் பாதுகாப்புத் திட்டத்துக்கு அவர் பெயரையே வைத்தது. நெல்லுக்குச் செய்ததை நம் தெருவில் நாம் கத்தரிக்குச் செய்ய முடியாதா?

கத்தரி விதை எடுப்பது இப்படி

மொட்டை மாடியோ, பெல் குடியிருப்பில் இருப்பது போல் நாலு முழத் தோட்டமோ இருந்தால் போதும்.

1. நாட்டுச் செடியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். விதை கொடுப்பவரிடம், "போன வருஷமும் இதே செடியில எடுத்த விதையா? காய் மாறாம வந்ததா?" என்று கேளுங்கள். ஒட்டு ரகத்தில் எடுத்தால் குணம் மாறும்.

2. நோய் இல்லாத, நன்றாகக் காய்க்கிற செடியில் நல்ல வடிவான காய்கள் இரண்டு மூன்றை அறுக்காமல் விடுங்கள். அடையாளத்துக்கு ஒரு நூல் கட்டிவிட்டால், வீட்டில் யாரும் குழம்புக்குப் பறித்துவிட மாட்டார்கள்!

3. இரண்டு மூன்று ரகம் வைத்திருந்தால், விதைக்கு விடப்போகிற பூவை, மலருமுன் மெல்லிய துணிப் பையால் கட்டுங்கள். காய் பிடித்ததும் எடுத்துவிடலாம். தேனீயால் கலப்பு வராது.

4. காய் மஞ்சளாகவோ பழுப்பாகவோ பழுத்த பிறகு பறித்து, நறுக்கி, சதையைத் தண்ணீரில் பிசையுங்கள். திரண்ட விதை அடியில் தங்கும், பதர் மிதக்கும். மிதப்பதைக் கொட்டிவிடுங்கள்.

5. இரண்டு மூன்று தடவை அலசி, துணியில் பரப்பி, நிழலில் நன்றாக உலர்த்துங்கள். கொளுத்தும் வெயில் வேண்டாம். பிறகு சலித்த அடுப்புச் சாம்பலில் புரட்டி, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் போட்டு, பெயரும் மாதமும் எழுதி ஒட்டுங்கள்.

6. 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பது கத்தரிக்கும் பொருந்தும். தொட்டியில் நாற்று விட்டு, ஒரு மாதத்தில் எடுத்து நடலாம்.

புழு வந்தால்? வாடித் தொங்குகிற கொழுந்தைக் கண்டதும் கிள்ளி அழித்துவிடுங்கள். ஓட்டை விழுந்த காயைச் செடியிலேயே விட்டு வைக்காதீர்கள். வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் சேர்த்து சாயங்கால வேளையில் தெளியுங்கள். வாரம் ஒருமுறை செய்தால் வீட்டுத் தோட்டத்துக்கு இது தாராளம். முளைக்கும் முன்பே புழு ஒழிந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். பத்துக் காயில் இரண்டு புழுவுக்குப் போகும். போகட்டுமே!

கடையில் வாங்குகிற காயைக் காம்போடு, ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவிய பிறகு நறுக்குங்கள். நறுக்கிவிட்டுக் கழுவுவதைவிட அது நல்லது. சிறு ஓட்டை இருக்கிற காயைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். அந்தப் பக்கத்தை வெட்டி எறிந்தால் மற்றது நல்ல காய். ஓட்டை இல்லாத காயே வேண்டும் என்று நாம் பிடிவாதம் பிடிக்கிற வரை, கடைவீதி அம்மாளின் கேள்விக்கு நம்மிடம் பதில் கிடையாது.

எங்கள் மகளிர் குழுவில் பதினோரு பேர் இந்த ஆடியில் ஆளுக்கு ஒரு காய் ரகம் பொறுப்பு ஏற்றிருக்கிறோம். எனக்குக் கிடைத்தது வரிக் கத்தரி. நவராத்திரிக்குக் கொலு பார்க்க வருகிறவர்களுக்கு, வெற்றிலை பாக்கோடு ஒரு சிறு பொட்டலம் விதையும் வைத்துக் கொடுப்பதாக ஏற்பாடு. வாங்கிக்கொண்டு போகிறவர்களிடம் ஒரே ஒரு நிபந்தனைதான். அடுத்த கொலுவுக்கு வரும்போது இரண்டு பொட்டலமாகத் திருப்பித் தர வேண்டும்.